மலைக்கு யார் கூண்டு ஏற்றுவது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, இருபது நிமிஷம் ஏதாவது சுவையா பேசுங்க. மழையைப் பத்தி மட்டும் வேண்டாம்" என்றார். முப்பத்தைந்து வருஷம் வானிலைத் துறையில் மழைமானியையும் காற்றுமானியையும் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியவனிடம் மழையைப் பற்றிப் பேசாதே என்றால், சமையல்காரரிடம் அடுப்பைப் பற்றிப் பேசாதே என்பது போலத்தான். ஆனாலும் சரி என்று ஒப்புக்கொண்டேன். அப்புறம் அழைப்பிதழ் வந்தது. கடைசி வரியில், "மறுநாள் குடும்பத்துடன் கொடைக்கானல் சுற்றுலா, வேன் வசதி உண்டு" என்று போட்டிருந்தார்கள். மாதமோ டிசம்பர். இதைப் படித்த பிறகு என்னால் வேறு எதைப் பற்றியும் பேச முடியாது. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நம் கல்லூரி மாடியில் நின்று மேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் நீலமாகத் தெரியும். வகுப்பில் பாடம் நடக்கும்போது அந்த மலையைத்தான் நம்மில் பலர் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று அந்த மலைக்குப் போகிறவர்களைப் பற்றியும், குளிர்காலப் புயலைப் பற்றியும், அவர்களுக்கு அதை யார் சொல்வது என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன்.

வானொலியில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். "நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்பார்கள். சின்ன வயதில் எனக்கு இது பெரிய சந்தேகம். கூண்டு என்றால் கிளிக்கூண்டா, எலிக்கூண்டா? அதை ஏன் ஏற்ற வேண்டும்? துறையில் சேர்ந்த பிறகுதான் அதன் கதை தெரிந்தது.

1859ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டன் பக்கம் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பயணிகள், கப்பல் ஆட்கள் என்று நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நடந்தது அது. அப்போது அந்நாட்டு வானிலை அலுவலகத்தின் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வின் உலகம் சுற்றிய 'பீகிள்' கப்பலின் தலைவரும் இவர்தான். புயல் வருவதைத் தந்தியில் முன்கூட்டியே சொல்ல முடியுமென்றால், துறைமுகத்தில் இருக்கிற மாலுமிக்கு அதை எப்படிக் காட்டுவது என்று அவர் யோசித்தார். எழுத்துத் தெரியாதவனுக்கும், தூரத்தில் இருப்பவனுக்கும் புரிய வேண்டும். கூம்பு வடிவத்திலும் முரசு வடிவத்திலும் கூடுகள் செய்து கம்பத்தில் ஏற்றச் சொன்னார். 1861இல் இது நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 1864இல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கிய பிறகு, மறு வருஷமே அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. நம் ஊர்க் கூண்டின் பாட்டன் அந்தக் கூம்புதான்.

இன்று நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. முதலிரண்டும் தூரத்துப் புயலுக்கு. எண் ஏற ஏற ஆபத்து அதிகம். 8, 9, 10 என்றால் பெரிய ஆபத்து. அப்படியானால் பதினொன்று அதைவிடப் பயங்கரமா என்று கேட்பீர்கள். பதினொன்றுக்கு அர்த்தம் வேறு. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, இனி இங்கிருப்பவர் தன் புத்தியைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். இந்தப் பதினொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

கடலுக்குப் போகிறவனுக்குக் கூண்டு இருக்கிறது. மலைக்குப் போகிறவனுக்கு? புயலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் நிறைய உண்டு.

முதலில் ஒரு பழைய கதை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை இந்தப் பக்கத்தையே உலுக்கிய பஞ்சம். பருவமழை ஏன் பொய்க்கிறது, அதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அப்போது அரசாங்கத்தையே உறுத்தியது. சூரியனை ஆராய்ந்தால் மழையின் போக்கு பிடிபடும் என்று அந்தக் காலத்து விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள். அதற்குத் தூசு இல்லாத உயரமான இடம் தேவைப்பட்டது. 1893இல் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த வானாய்வகத்தின் பணி 1899இல் சுமார் 2,340 மீட்டர் உயரத்துக்கு, கொடைக்கானல் மலைக்கு ஏறியது. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகமே அதை எவர்ஷெட் விளைவு என்று சொல்கிறது. 1971 வரை அந்த ஆய்வகம் வானிலைத் துறையின் கையில்தான் இருந்தது.

சூரியப் புள்ளியை வைத்து மழை சொல்லும் கனவு பலிக்கவில்லை. ஆனால் பாருங்கள், மழையை முன்கூட்டி அறிய வேண்டும் என்ற ஆசையில்தான் கொடைக்கானலில் அறிவியல் குடியேறியது. அந்த மலைக்குப் போகிற சாலையில் இன்று ஒரு வேன் டிரைவருக்கு, "இன்னைக்கு ராத்திரி மேலே போகாதீங்க" என்று சொல்ல ஆள் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இனி மலைக்குப் புயல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கு தெற்காக ஓடுகிறது. அதிலிருந்து கிழக்கே நீட்டிய கை மாதிரி சுமார் 65 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்பது பழனி மலை. ஜூன் மாதத்து மேற்குக் காற்றின் மழையைக் கேரளப் பக்கம் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வீசும் வடகிழக்குக் காற்றை இந்த நீட்டிய கை நேராக எதிர்கொள்கிறது. காற்று மலைமேல் ஏறினால் குளிரும். குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி மழையாகக் கொட்டும். நம் பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

புயல் கரை கடந்துவிட்டால் செத்துவிட்டது என்று பொதுவாக நினைக்கிறோம். காற்றின் வேகத்தைப் பொறுத்தவரை ஓரளவு உண்மைதான். மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே காற்று இறங்கிவிட்டால் அதற்குப் புயல் என்ற பெயர் போய்விடும், தாழ்வு மண்டலம் என்போம். ஆனால் அதன் வயிற்றில் இருக்கும் தண்ணீர் உடனே தீராது. சமவெளியில் தூறலாகப் போகிற மேகம் மலையில் மோதினால் கொட்டித் தீர்க்கும். மலை முகட்டில் காற்றின் வேகமும் சமவெளியைவிட அதிகம். 2009 நவம்பரில் நீலகிரியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மலைச்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடலோரம் அப்படி ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி.

பயணிகளும் புயலும் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதை அப்படியே வாரிக்கொண்டு போனது. ரயிலில் இருந்த நூறு பேருக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அன்றைக்கு நம் நாட்டுக்குச் சொந்தச் செயற்கைக்கோள் கிடையாது. புயலைக் காட்டும் ரேடார் சென்னைக்கு வந்தது 1973இல்தான். கப்பல்கள் அனுப்பும் தகவல், கரையோர நிலையங்களின் காற்றழுத்தக் கணக்கு, இவ்வளவுதான் கையில் இருந்தது. கடலில் புயல் இருப்பது தெரியும். அது அந்த இரவில் எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு ஆவேசத்தோடு இருக்கிறது என்பது ரயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது.

இன்று நிலைமை வேறு. 1983இல் இன்சாட் 1பி மேலே போனது. 2002இல் சென்னையில் டாப்ளர் ரேடார் வந்தது. கணினிக் கணிப்புகள் நான்கைந்து நாட்களுக்கு முன்பே புயல் போகும் பாதையை வரைந்து காட்டுகின்றன. தொலைக்காட்சியில் ரமணன் சார் வந்தாலே பள்ளிக்கு லீவு என்று பிள்ளைகள் துள்ளிக் குதித்த காலத்தையும் பார்த்துவிட்டோம். அறிவு வளர்ந்துவிட்டது. அந்த அறிவு போய்ச் சேர வேண்டிய கடைசி ஐம்பது கிலோமீட்டரில்தான் சிக்கல்.

2018 கஜா புயலை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 11ஆம் தேதியே அது புயலாகிப் பெயரும் வைத்தாகிவிட்டது. 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கரை கடந்தது. டெல்டாவின் தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். கடலோர மக்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனதால் பல உயிர்கள் தப்பின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கஜா அங்கேயே நிற்கவில்லை. நேரே மேற்கே நடந்தது. அன்று காலையில் திண்டுக்கல் பக்கம் வந்துவிட்டது. பழனி மலையில் மோதியது. கொடைக்கானலில் மரங்கள் வேரோடு விழுந்தன, மின்சாரம் போனது, சாலைகள் அடைபட்டன. சின்னப்பள்ளத்தில் மண் சரிந்து தொழிலாளர்கள் நான்கு பேர் மடிந்தார்கள். வேதாரண்யத்துக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். புயல் கரை தொட்ட பிறகும் மலைக்குச் சில மணி நேரம் மிச்சம் இருந்தது. அந்தச் சில மணி நேரம்தான் இன்றைய என் பேச்சின் பொருளே.

அந்த நேரத்தை ஒருவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று சொல்கிறேன். எங்கள் வகுப்புத் தோழர் ஒருவருக்குப் பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் உண்டு. இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்பதால் சொல்லவில்லை. 15ஆம் தேதி மாலை நான் அவருக்குப் போன் போட்டு, நாளைக் காலையில் காற்று உங்கள் பக்கம் வரும், ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்பாதே என்றேன். அவர் அப்போது ஊத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு வேன் வந்து நின்றது. குழந்தைகுட்டிகளோடு ஒரு குடும்பம், கொடைக்கானலுக்குப் போகிறது. இவர் டிரைவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, புயல் வருது. மேலே போக வேண்டாம்."

"புயல் நாகப்பட்டினத்துக்குத்தானேண்ணே? நமக்கென்ன?"

"கரைதான் அங்கே. காத்து காலையிலே இங்கே வரும். மரம் விழுந்தா ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இப்பவே திரும்பி வத்தலக்குண்டுல ரூம் போட்டுப் படுங்க. ரெண்டு நாள் கழிச்சு ரோட்டை விசாரிச்சுட்டு வாங்க."

வேனில் இருந்த பெரியவர், லாட்ஜுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சே என்று சத்தம் போட்டிருக்கிறார். நம்மவர், "அட்வான்ஸ் போனா சம்பாதிச்சுக்கலாம் ஐயா" என்று பொறுமையாகச் சொன்னாராம். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்கள். மறுநாள் அந்தச் சாலையில் மரங்கள் விழுந்தன. எனக்கு இரண்டு நாள் நண்பரோடு தொடர்பே கிடைக்கவில்லை. செல்போன் கோபுரமெல்லாம் ஊமையாகிவிட்டது. அதுதான் பதினோராம் எண். தொடர்பு அறுந்த பிறகு எச்சரிக்கை சொல்ல முடியாது, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் குடும்பம் யார், எந்த ஊர் என்று நண்பருக்கு இன்றுவரை தெரியாது. நன்றி சொல்லி ஒரு கடிதம்கூட வந்ததில்லை. வராது. ஏனென்றால் அவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லையே! எச்சரிக்கை சொல்பவனுடைய தொழிலில் இதுதான் விசேஷம். அவன் ஜெயித்தால் அன்று செய்தியே இருக்காது. அதனால்தான் இந்த வேலைக்கு மாலை போட யாரும் வருவதில்லை, செய்யவும் பலர் முன்வருவதில்லை.

இனி, வானிலை அறிக்கையைப் படிப்பது பற்றிக் கொஞ்சம். "திண்டுக்கல் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்" என்று வரும். இது தப்பித்துக்கொள்வதற்காகப் போட்ட வார்த்தை என்று கேலி செய்வார்கள். ஓரிரு இடங்கள் என்றால் ஒரு பகுதியிலுள்ள மழை அளவு நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படாத இடங்கள் என்று கணக்கு. கனமழை என்றால் ஒரு நாளில் ஆறரை சென்டிமீட்டரிலிருந்து பதினொன்றரை வரை. அதற்கு மேல் இருபது வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. நம் மாவட்டத்தில் மலை எது, சமவெளி எது என்று நமக்குத் தெரியும். "ஓரிரு இடம்" எதுவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

நிறங்களைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மஞ்சள் என்றால் கொஞ்சம் மழை, சிவப்பு என்றால் நிறைய மழை என்று நினைக்கிறோம். அந்த நிறம் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. பச்சை என்றால் கவலை வேண்டாம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ஆரஞ்சு நிறம் வந்த நாளில் மலை ஏறுகிறவர், தயாராக வேண்டிய நேரத்தில் பயணம் கிளம்புகிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவியை எல்லோருக்கும் தெரியும். அங்கே பளிச்சென்று வெயில் அடிக்கும். மேலே கொடைக்கானல் பக்கம் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் காட்டாறாக இறங்கிவிடும். மேலே மழை என்று தெரிந்தால் வனத்துறையினர் அருவியில் குளிக்கத் தடை போடுகிறார்கள். நம்மவர்கள், "வெயில் அடிக்குது, இவங்க வேணும்னே விட மாட்டேங்கறாங்க" என்று சண்டைக்குப் போகிறார்கள். அந்தத் தடைதான் உண்மையில் மலைக்கு ஏற்றிய கூண்டு. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மழைக்கு வாய்ப்பு என்று அறிக்கை வந்தால் மலையேறத் தடை என்று அறிவிக்கும் வழக்கம் அங்கே உறுதியாகிவிட்டது. செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கொடைக்கானலில் லாட்ஜ் நடத்துகிறவரும், ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவரும், ஹோம்மேட் சாக்லேட் விற்கிற அம்மாவும் என்ன சொல்வார்கள்? "சார், நீங்க புயல் புயல்னு சொல்லிச் சொல்லியே எங்க டிசம்பர் சீசன் போகுது. போன தடவை சொன்னீங்க, ஒரு பொட்டு மழை இல்லே." இந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவர்கள் வயிற்றுப்பாடு அது. வங்கக் கடல் புயல் கடைசி நேரத்தில் வடக்கே திரும்பி ஆந்திராவுக்குப் போவதும், கடலிலேயே கரைந்து போவதும் உண்டு. கணிப்பு என்பது வாய்ப்பைச் சொல்வது. சத்தியம் செய்து கொடுப்பது கிடையாது.

இதற்கு நான் கண்ட வழி, குறைவாக எச்சரிப்பதில்லை. துல்லியமாக எச்சரிப்பது. "புயல் வருகிறது, யாரும் வராதீர்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு வாரம் வியாபாரம் போகும். "இன்று இரவு பத்து மணி முதல் நாளை மாலை வரை மலைச்சாலையில் மரம் விழலாம், மண் சரியலாம். மாலை ஐந்து மணிக்குள் மேலே போய்ச் சேர முடியாதவர்கள் வத்தலக்குண்டிலேயே தங்குங்கள். நாளை மறுநாள் காலை சாலை நிலவரம் சொல்கிறோம்" என்றால் ஒரு நாள்தான் போகும். எங்கே, எப்போது, என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் ஆகிய நான்கும் இல்லாத எச்சரிக்கை அரைகுறை எச்சரிக்கை. மலை திறந்துவிட்டது என்று சொல்வதும் அதே பொறுப்பில் சேர்ந்ததுதான். லாட்ஜுக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் அட்வான்ஸ் தொகையை வேறு தேதிக்கு மாற்றிக் கொடுங்கள். அந்த ஒரு சலுகை இருந்தால் வேனைத் திருப்பப் பாதிப் பேர் யோசிக்க மாட்டார்கள்.

பயணி என்றால் சுற்றுலா வந்தவர் மட்டும்தானா? மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் போன்ற மேல்மலை ஊர்களிலிருந்து காரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் இறங்கும் லாரிக்காரர், தாண்டிக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் நம் மாணவர், மேலே கட்டிட வேலைக்குப் போய்க் கொட்டகையில் படுத்திருக்கும் தொழிலாளி, இவர்கள் எல்லோரும் பயணிகள்தான். சின்னப்பள்ளத்தில் இறந்தவர்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்களில்லை, பிழைக்க வந்தவர்கள். கார்த்திகை பிறந்தால் வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி வழியாக இரவெல்லாம் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஓடும். புயல் மாதமும் மாலை போடும் மாதமும் ஒன்றாக இருப்பதை மறக்கக் கூடாது.

சரி, யார் கூண்டு ஏற்றுவது? அரசாங்கம் செய்ய வேண்டியது உண்டு. 2024 மே 7ஆம் தேதி முதல், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. நெரிசலைக் கணக்கிடக் கொண்டுவந்த ஏற்பாடு அது. எந்தத் தேதியில் யார் வருகிறார்கள், அவர்கள் கைபேசி எண் என்ன என்பதெல்லாம் அதில் பதிவாகும். இப்படி ஒரு பட்டியல் ஃபிட்ஸ்ராய்க்குக் கிடைத்திருந்தால் ஆனந்தக் கூத்தாடியிருப்பார்! அந்தத் தேதியில் வரப்போகிறவர்களுக்கு மட்டும், அந்தச் சாலைக்கு உரிய எச்சரிக்கையை அவர்கள் மொழியில் அனுப்பினால் போதும். நம் சங்கத்தின் சார்பில் மாவட்ட நிர்வாகத்துக்கு இதை ஒரு மனுவாகக் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நம் மாவட்டத்துக்கு என்ன நிறம்? வங்கக் கடலில் ஏதாவது சின்னம் உண்டா? இருட்டுவதற்கு முன் போய்ச் சேர முடியுமா? மேலே இருக்கிற ஒருவரிடம் சாலை நிலவரம் கேட்டாகிவிட்டதா? நான்கில் ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். மாவட்ட அவசர எண் 1077, மாநில அவசர எண் 1070. இரண்டையும் இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு வேன் கிளம்புகிறது அல்லவா? செயலாளருக்குச் சொல்கிறேன், காலை அறிக்கையைப் பார்க்காமல் டிரைவர் சாவியைப் போடக் கூடாது.

கடைசியாக, மாணவ மாணவிகளே, உங்களிடம்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். உங்களில் நிறையப் பேர் மேல்மலை, கீழ்மலை ஊர்களிலிருந்து வருகிறீர்கள். மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் வருகிறீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம், கல்லூரி வாசலிலும் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். உரியவர்களிடம் அனுமதி கேட்டு வையுங்கள். தினமும் காலை அறிக்கை வந்ததும், மேலே இருக்கும் உங்கள் ஊர்க்காரரிடம் போனில் விசாரித்து, மலைச்சாலை எப்படி, மழை எப்படி, இன்று என்ன நிறம் என்று மூன்று வரி எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். நீங்களாக ஊகித்து ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள், வாட்ஸப்பில் சுற்றும் வதந்தியைத் தொடாதீர்கள். ஒரு சாக்குக்கட்டிதான் செலவு. இயற்பியல் துறைக்கு ஒரு மழைமானி வாங்கித் தர எங்கள் வகுப்புத் தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அதைப் படித்து நோட்டில் எழுதுங்கள். மூன்று வருஷம் எழுதினால் நம் கல்லூரிக்கென்று ஒரு கணக்கு கையில் இருக்கும்.

அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு யாராவது வண்டியைத் திருப்பினால், அவர் உங்களுக்கு நன்றி சொல்ல வர மாட்டார். பரவாயில்லை. மறுநாளும் போய் மூன்று வரி எழுதுங்கள்.